பெர்மனென்ட் பூதம்

பெற்ற அப்பாவைக் கேலி செய்ய ஆசைப்படுகிறவர்கள் அதை வாயால் செய்துவிடுவதுதான் நல்லது. வாயால் சொன்னதை "நான் எப்போ சொன்னேன்?" என்று மறுத்துவிடலாம். அதையே கம்ப்யூட்டரில் எழுதி, ஓடவிட்டு, நாலு பேர் வந்து விளையாடும்படி செய்து வைத்தால் தப்பிக்க வழியே கிடையாது. இதை நான் எங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலில், அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னிலையில் கற்றுக்கொண்டேன்.

அப்போது நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். இன்டர்நெட் டெலிபோன் வழியாக, கீச்சுக் குரலில் கத்திக்கொண்டு வந்த காலம். படமே இல்லாத, வெறும் எழுத்தால் ஆன ஒரு விளையாட்டை நானும் என் நண்பன் சலீமும் எழுதியிருந்தோம். 'நீங்கள் ஆர்ச் முன்னால் நிற்கிறீர்கள்' என்று திரையில் வரும். 'வடக்கே போ' என்று அடித்தால் வடக்கே போகலாம், வழியில் ஒரு பூதம் வந்தால் சண்டை போடலாம். அவரவர் ஊரில் இருந்தபடியே பல பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். எல்லாம் தமிழ்தான், ஆங்கில எழுத்தில். ஆனால் இதற்கு ஒரு கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் சர்வர்.

சர்வரை யார் வீட்டில் வைப்பது என்று பேச்சு வந்தபோது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். "சென்னையில மணிக்கொரு தடவை கரண்ட் போவுது. எங்க ஊர்ல கரண்ட் போனா அன்னைக்குத் தமிழ்நாடே இருட்டுடா" என்றேன். நெய்வேலிக்காரனுக்கு இதைச் சொல்வதில் இருக்கும் சுகம் வேறெதிலும் கிடையாது. சலீம் ஒப்புக்கொண்டான். கரண்டைப் பற்றி அவ்வளவு பேசிய நான், சர்வர் ஓடும்வரை வீட்டு டெலிபோன் எங்கேஜ்டாகவே இருக்கும் என்பதை யோசிக்கவில்லை.

விளையாட்டில் வரும் ஊரும் நெய்வேலிதான். ஆட்டக்காரர்கள் வழி தெரியாமல் சுற்ற வேண்டும் என்பதற்காக நான் மூளையைக் கசக்கவே இல்லை. எங்கள் டவுன்ஷிப்பில் எல்லா ரோடும் ஒன்றுபோல, எல்லா குவார்ட்டர்ஸும் ஒன்றுபோல. இருப்பதை அப்படியே எழுதினேன், தானாகச் சுற்றினார்கள். பூதத்துக்கும் நான் வெளியே எங்கும் போய்த் தேடவில்லை.

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருந்தார். பெர்மனென்ட் ஆவதற்கு முன் பல வருஷம் கான்ட்ராக்டில் கிடந்தவர். காலையில் சுரங்கத்தின் கேட் வாசலுக்குப் போனால்தான் அன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியுமாம். அந்தப் பயம் அவரை விட்டுப் போகவே இல்லை. யாரைப் பார்த்தாலும், பேர் கேட்பதற்கு முன்னாலேயே, "பெர்மனென்டா, கான்ட்ராக்டா?" என்றுதான் கேட்பார். (எங்கள் சர்ச்சுக்கு மாற்றலாகி வந்த சாமியாரையும் கேட்டிருக்கிறார். சாமியார் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.)

டவுன்ஷிப்பின் நுழைவாயிலான ஆர்ச்சில் நான் நிறுத்திய பூதமும் வருகிறவர்களிடம் அதையேதான் கேட்கும். 'பெர்மனென்ட்' என்று பதில் சொன்னால், "உள்ள வாங்க தம்பி, காபி சாப்பிடுறீங்களா?" என்று வழிவிடும். 'கான்ட்ராக்ட்' என்றால் குடையால் ஒரே அடி. ஆள் காலி. செத்தவர் டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கும் மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டில் கண்விழித்து மறுபடி முதலில் இருந்து வரவேண்டும். சொல்வது உண்மையா பொய்யா என்று பூதம் சோதிக்காது. அந்த அளவுக்கு எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஸ்டெல்லா அக்காவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோதும் அப்பா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: மாப்பிள்ளை பெர்மனென்டாக இருக்க வேண்டும். நல்ல நல்ல வரன்கள் அந்த ஒரு கேள்வியிலேயே திரும்பிப் போயின. அக்கா வெளியே எதுவும் சொல்லாவிட்டாலும் உள்ளுக்குள் வெறுத்துப்போயிருந்தாள். கடைசியாக நெல்லிக்குப்பத்தில் ஒரு வரன் அமைந்தது. பையன் அருள், சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை. "பெர்மனென்ட்தாங்க" என்று அவனுடைய அப்பா சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

சாயங்காலம்தானே என்று அதே ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு நான் முதல் தடவையாகச் சர்வரைத் திறந்துவிட்டேன். சலீமும் நண்பர்களும் சென்னையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து உள்ளே வந்துவிட்டார்கள். அம்மா கறி வேகவைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பனியனும் லுங்கியுமாகத் தோட்டத்தில் முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

"தப்பா நெனச்சிக்காதீங்க" என்றபடி இறங்கினார் மாப்பிள்ளையின் அப்பா. பின்னால் அவர் மனைவியும் அருளும். "ஆலையில எனக்கு ஷிப்ட் மாத்திட்டாங்க, அதான் இப்பவே வந்துட்டோம். சொல்லலாம்னு காலையிலேர்ந்து போன் அடிச்சிக்கினே இருந்தோம். எங்கேஜ்டாவே இருந்துச்சுங்க."

கையில் கீரையோடு அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே நான் பாதி வெந்துவிட்டேன்.

அப்போதே சர்வரை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கரண்ட் போகாத ஊர் என்று பீற்றிக்கொண்டவன் முதல் நாளே எப்படி நிறுத்துவது? மானிட்டரை மட்டும் அணைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டேன். பாவி மனுஷன், அருள் வந்து அதன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தான்.

"கம்ப்யூட்டர் ஓடுது போலிருக்கே?"

"இல்லைங்களே."

"லைட்டெல்லாம் எரியுது?"

"எங்க ஊர்ல கரண்ட் கொஞ்சம் அதிகங்க" என்றேன். (இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.)

அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டு வந்த அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க பையனே ஒரு கேம் எழுதியிருக்கான் தம்பி. போட்டுக் காட்டுடா" என்றார். பெற்ற பாசம் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். நான் துண்டை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டேன். அருளே துண்டை எடுத்து மானிட்டரைப் போட்டு, தன் பேரை அடித்து உள்ளே போனான்.

"சத்தமாப் படிப்பா, நாங்களும் கேக்குறோம்" என்றார் அவனுடைய அப்பா.

அருள் படித்தான். "எதிரில் ஒரு பூதம் நிற்கிறது. காலில் கம்பெனி ஷூ. கையில் நீளமான கறுப்புக் குடை. காதுக்குள் இருந்து முடி வளர்ந்திருக்கிறது."

எல்லார் கண்ணும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நீளமான கறுப்புக் குடைக்குப் போயிற்று. அப்பாவின் கை மெல்லத் தன் காதுக்குப் போனது.

"பூதம் கேட்கிறது: பெர்மனென்டா, கான்ட்ராக்டா?"

அருள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். ஏன் இவ்வளவு யோசிக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. சமையலறை வாசலில் காபித் தட்டோடு அக்கா நின்றிருந்தாள். அவன் அவளை ஒரு தரம் பார்த்தான். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அடித்தான்: கான்ட்ராக்ட்.

பூதம் அடித்தது. 'அருள் செத்துப்போனார்' என்று எல்லா ஆட்டக்காரர்களுக்கும் அறிவிப்புப் போயிற்று. உடனே கீழே சலீமின் வரி வந்து விழுந்தது: 'யாருடா இந்த ஏமாளி? பெர்மனென்ட்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டு உள்ள போக வேண்டியதுதானே!'

அதை அருள் படிக்கவில்லை. எழுந்து நின்று அப்பாவைப் பார்த்து, "நிஜமாவே நான் கான்ட்ராக்ட்தாங்க. பெர்மனென்ட்னு எங்கப்பா உங்ககிட்ட சொன்னது எனக்கு நேத்துதான் தெரியும்" என்றான்.

"அடுத்த வருஷம் ஆயிடும்னு நெனச்சிதாங்க…" என்று அவனுடைய அப்பா தரையைப் பார்த்தார். நான் செய்த பூதத்தால் அக்காவின் கல்யாணம் என் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. மாதாவே, கரண்ட் போகட்டும் என்று வேண்டினேன். நெய்வேலியில் போய் அதை வேண்டியவன் நான் ஒருவன்தான்.

அக்கா தட்டோடு நேராகக் கம்ப்யூட்டரிடம் வந்தாள். சலீம் எழுதியதைப் படித்தாள்.

"பொய் சொன்னா உள்ள விட்டுடுமா?" என்று என்னைக் கேட்டாள்.

தலையாட்டினேன்.

காபியை அருளிடம் நீட்டிவிட்டு, "எனக்குச் சம்மதம்ப்பா" என்றாள்.

அப்பா திரையில் நின்ற பூதத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். அவர்கள் கிளம்புவதற்காக எழுந்துவிட்டார்கள்.

"எங்க எழுந்துட்டீங்க? உட்காருங்க" என்றார் அப்பா. உள்ளே திரும்பி, "இலையைப் போடு" என்றார்.

அம்மாவுக்கு இந்தச் சந்தோஷத்தைத் தன் அண்ணனிடம் உடனே சொல்லியாக வேண்டும். ஓடிப்போய் போனைத் தூக்கினாள். ரிசீவரில் மோடம் 'கீ' என்று கத்தியது, சர்வர் அறுந்தது, பிரவுசிங் சென்டரில் எல்லாரும் அந்தரத்தில் நின்றார்கள். கரண்ட் போகாத ஊரின் சர்வர் இப்படிப் போயிற்று. சாப்பாடு முடிந்து அவர்கள் கார் கிளம்பும்வரை பொறுத்திருந்து, அப்பா கதவுக்குப் பின்னால் இருந்து குடையை எடுத்தார். அதற்கப்புறம் நடந்தது விளையாட்டில் எழுதியிருந்தபடியேதான் நடந்தது.

அன்று முதல் எங்கள் வீட்டில் யார் எதில் அடிபட்டாலும், "மந்தாரக்குப்பத்துல கண்ணு முழிச்சாச்சா?" என்றுதான் கேட்போம். நான் இன்டர்வியூவில் தோற்றபோது கேட்டார்கள். அருள் மாமாவின் ஆபீஸை மூடியபோது அப்பாவே போன் செய்து கேட்டார்.

அப்பா ரிட்டயர்ட் ஆன அன்று மாலையும் கழுத்துமாகக் கம்பெனி வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், ஹால் முழுக்கப் பெட்டிகள். நடுவில் நாற்காலியில் மாலையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஆளுக்கொரு பெட்டியைக் கட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தோம். அருள் மாமாதான் போய் எதிரில் நின்று, "மாமா, பெர்மனென்டா, கான்ட்ராக்டா?" என்றார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தலை நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் உதடு துடித்தது சிரிப்பில்.

"இப்பதான் மந்தாரக்குப்பத்துல கண்ணு முழிச்சிருக்கேன் மாப்ள" என்றார். "ஒரு டீ சொல்லுங்க."