ஆறு ஓமும் ஒரு நன்றியும்

நான் ஒரு தொழிற்சங்கச் செயலாளர். இந்த வசனத்தை வாசித்துவிட்டு என் கணவர் சிரித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு முழுக் கதையும் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் கதைக்கும்போது மற்றவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது மரியாதைக் குறைவு. வசனத்துக்கு வசனம் "ஓம்... ஓம்..." என்று போட வேண்டும். அதற்குச் சம்மதம் என்று பொருளில்லை. 'நித்திரையாகவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மேலே சொல்லுங்கள்' என்று பொருள். ஒருத்தி தொலைபேசியில் அரை மணி நேரம் தன் மாமியாரைத் திட்டுவாள், நாங்கள் முப்பது ஓம் போடுவோம். அடுத்த நாள் அதே மாமியாரைக் கோயிலில் கண்டால் சுகம் விசாரிப்போம். இந்த நுணுக்கம் புரியாத ஒரு மனிதரிடம் நான் போய் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் திணைக்களத்தின் பண்டத்தரிப்பு உப அலுவலகத்தில் அப்போது நாங்கள் ஆறு பேர். சங்கக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் நான் ரோல்ஸ் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் எல்லோரும் கை தட்டினார்கள். என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்களாம். காரணம், என் கையெழுத்து வடிவாம். (தொழிலாளர் உரிமைக்கும் வடிவான கையெழுத்துக்கும் என்ன தொடர்பு என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். நான் ரோல்ஸ் பரிமாறினேன்.)

ஒரு வருடம் சங்கம் நிம்மதியாக நித்திரை கொண்டது. பிறகு கொழும்பிலிருந்து 'மறுசீரமைப்பு' வந்தது. எங்கள் அலுவலகத்தை மூடி நகர அலுவலகத்தோடு சேர்ப்பார்களாம், ஒரு பதவியை மன்னாருக்கு அனுப்புவார்களாம். அந்தப் பதவியில் இருந்தவள் யோகா.

யோகா என் எதிர் மேசை. பதினொரு வருடமாக மத்தியானச் சாப்பாட்டை நாங்கள் இருவரும் மாற்றித்தான் சாப்பிட்டோம். என் புட்டு அவளுக்கு, அவளுடைய இடியப்பம் எனக்கு. கலியாணம் கட்டாதவள். கண் பார்வை மங்கிய தகப்பனை அவள்தான் வைத்துப் பார்த்தாள். மன்னார் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் வெளிறிப்போனது.

"வதனி, நீ பெரிசா ஒண்டும் கதைக்க வேண்டாம்," என்றாள். "உவையள் என்ரை பதவியைப் பற்றிச் சொல்லேக்கை 'ஏலாது' எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. மிச்சத்தைச் சங்கம் பாக்கும்."

"உதென்ன பெரிய வேலையே? சொல்லுறன்."

"எங்கை, இப்ப சொல்லிக் காட்டு பாப்பம்."

சொல்லிக் காட்டினேன். "உது கெஞ்சுற மாதிரிக் கிடக்கு," என்றாள். திரும்பச் சொன்னேன். ஒரு கிழமை முழுவதும் சாப்பாட்டு நேரத்தில் இதே பயிற்சிதான். கடைசி நாள் நான் போட்ட 'ஏலாது'வில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கூட்டத்துக்கு வந்த மேலதிக பணிப்பாளர் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், நல்ல மனிதர். பக்கத்தில் ஒரு பிள்ளை கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் நான் மட்டும், பட்டுக்கரைச் சேலையும் கை நிறைய வியர்வையுமாக. மொத்தம் ஏழு முன்மொழிவுகள். அவர் ஒவ்வொன்றாக வாசித்து, விளக்கி, என்னைப் பார்ப்பார். நான் "ஓம்" என்பேன். அவர் முகம் மலரும். அந்தப் பிள்ளை ஏதோ எழுதுவாள். அடுத்ததுக்குப் போவார். 'நான் கேட்கும் விதம் ஐயாவுக்குப் பிடித்துவிட்டது' என்று எனக்குள் பெருமை வேறு. அவர் சொல்லி முடித்த பிறகு எங்கள் பக்கத்தைக் கேட்பார்கள், அப்போது ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கலாம் என்பது என் கணக்கு.

ஏழாவது யோகாவுடையது. வாசித்து முடித்தார். "இதுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூச்சை இழுத்தேன். 'ஏ' என்ற எழுத்து பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துத் தோளுக்கு மேலால் ஒரு கை நீண்டு எனக்கு முன்னால் தேத்தண்ணியை வைத்தது.

"நன்றி," என்றேன்.

எங்கள் ஊரில் தேத்தண்ணிக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. என் வாழ்நாளில் நானும் சொன்னதில்லை. அன்று மட்டும், பணிப்பாளருக்கு முன்னால், எனக்கு நாகரிகம் வந்துவிட்டது.

"நாங்கதான் உங்களுக்கு நன்றி சொல்லணும்," என்றார் பணிப்பாளர், உண்மையாகவே நெகிழ்ந்துபோய். கோப்புகளை மூடினார், எழும்பினார், வாகனம் ஏறினார். நான் அப்போதும் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். தேத்தண்ணி ஆறிவிடும் என்று குடித்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாளில் கூட்டக் குறிப்பு வந்தது. ஒன்று முதல் ஆறு வரை: 'சங்கச் செயலாளர் இணங்கினார்.' ஏழு: 'சங்கச் செயலாளர் இணங்கி நன்றியும் தெரிவித்தார்.' யோகா அதை இரண்டு முறை வாசித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள், பிறகு அது சிரிப்பாக இருக்கவில்லை.

சங்கத்தின் மாவட்டத் தலைவர் சிவபாதம் அண்ணை என்னையும் இழுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். தலைமை அலுவலகத்தில் மேசையில் தட்டிச் சொன்னார்: "ஐயா, எங்கடை ஊரிலை ரெண்டு ஓம் இருக்கு. ஒண்டு கேட்கிற ஓம், மற்றது இணங்கிற ஓம். இந்தப் பிள்ளை போட்டது முழுக்கக் கேட்கிற ஓம்." ஒரு மணி நேரம் வாதாடினார். ஆறு முன்மொழிவுகளையும் திரும்பப் பெற்றார்கள். எங்கள் அலுவலகம் பிழைத்தது. ஏழாவதுக்கு வந்தபோது அவர் தலையைச் சொறிந்தார். வெளியே வந்து என்னிடம், "ஆறு ஓமை நான் பாத்தன் பிள்ளை. உந்த நன்றியை நான் எங்கை கொண்டுபோய் வைக்கிறது?" என்றார்.

'சேவையின் தேவை கருதி' என்று தொடங்கும் கடிதத்தோடு யோகா தகப்பனையும் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போனாள். மூன்று வருடமாகிறது. அவள் மேசையில் இப்போது அச்சுப்பொறி இருக்கிறது. நான் என் புட்டை நானே சாப்பிடுகிறேன். வெளிப்படையாகச் சொன்னால், எனக்கு அவளைத் தேடுகிறது. ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரைக்குத் தேடுகிறது.

சிவபாதம் அண்ணையின் வாதம் எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிட்டது. நான் அடுப்படியில் நிற்கும்போது மகள் வந்து, "அம்மா, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு விடுவியளோ?" என்பாள். "ஓம்" என்றால், "உது கேட்கிற ஓமோ, இணங்கிற ஓமோ?" என்று கேட்டுப் பேனையை எடுப்பாள், குறிப்பில் போட. கலியாண வீடுகளில் என் கணவர் என்னை அறிமுகப்படுத்துவதே இந்தக் கதையோடுதான்.

போன மாதம் இடமாற்ற விண்ணப்பம் கோரிச் சுற்றறிக்கை வந்தது. மன்னாரிலிருந்து திரும்பி வர வாய்ப்பிருந்தது. பெயர் தொடக்கம் பதவி வரை என் வடிவான கையெழுத்தில் நானே நிரப்பினேன், அவள் ஒப்பம் வைத்தால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அழைத்தேன்.

"வதனி," என்றாள். "நான் உந்த விண்ணப்பத்தைப் போடப்போறதில்லையடி. அப்பா விடிய எழும்பிக் கேதீச்சரத்தானைக் கும்பிட்டிட்டு வாறார். கண் தெரியாட்டிலும் கோயிலுக்குப் போற வழியைப் பாடமாக்கிப்போட்டார். இஞ்சை வந்து மனுசன் பத்து வயது குறைஞ்சு போச்சு. எனக்கும் பிடிச்சிருக்கு. உன்ரை நன்றியாலை எங்களுக்கு நல்லதுதான் நடந்தது. கோவிக்காதை. கேட்குதோ?"

"ஓம்," என்றேன்.

அவள் சிரித்தாள். "உது கேட்கிற ஓமோ, இணங்கிற ஓமோ?"

"கேட்கிற ஓம்," என்றேன். "மற்றதுக்கு இன்னும் கொஞ்ச நாள் செல்லும்."