கல்லு டாக்டரும் எங்கள் நான்காவது மூலையும்

"இந்தப் பொண்ணு போட்ட கோட்ட நம்பி வண்டிய எறக்குனா, வண்டி ஸ்டேஷனுக்குப் போவும், நான் ஜெயிலுக்குப் போவேன்."

என் முகத்துக்கு நேரே இப்படிச் சொன்னவரின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆந்திரா பக்கம் குடிபாலாவிலிருந்து நகரி வரை அவர் கல்லு டாக்டர். தெலுங்குக்காரர்களுக்கு ராள்ள டாக்டர். பொக்லைன் ஓட்டுவது தொழில். ஆனால் பொக்லைன் சீட்டில் அவரைப் பார்த்தவர்களைவிட, ஒரு பாறையின்மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கப் பார்த்தவர்கள்தான் அதிகம். உலகத்தில் கல்லுக்கு வைத்தியம் பார்த்த ஒரே மனிதர் அவர் என்று நான் அடித்துச் சொல்வேன். மறுப்பவர்கள் அவரிடம் ஒரு நாள் வண்டி வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம்.

நாங்கள் எடுத்தோம். வேறு வழியில்லை. நகரி மலையின் மூக்குக்குக் கீழே, அடிவாரத்தில், வீடில்லாத நாற்பது குடும்பங்களுக்கு அரசாங்கம் மனைப்பட்டா கொடுத்தது. மனை என்று காகிதத்தில்தான் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் பாறை, முள், மறுபடியும் பாறை. மேல்பக்கம் ரிசர்வ் காடு. காட்டு எல்லைக்கு அடையாளமாக வெள்ளைப் பெயிண்ட் அடித்து நம்பர் போட்ட கற்கள் நட்டிருந்தார்கள். அதைத் தாண்டி ஒரு டயர் போனாலும் வண்டி பறிமுதல், நம்மேல் கேஸ்.

எங்களுடையது கடைசி மனை. அதன் நான்காவது மூலை காட்டு எல்லையை முட்டிக்கொண்டு நின்றது. திங்கட்கிழமை அதிகாரி வந்து போட்டோ எடுப்பார், அதற்குள் கடைக்கால் தோண்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டா ரத்து என்று எல்லோருக்கும் நோட்டீஸ் வந்திருந்தது. அந்தத் தெலுங்கு நோட்டீஸை நாற்பது குடும்பங்களுக்கும் படித்துச் சொன்னது நான்தான். நைனாவும் அம்மாவும் விசைத்தறி ஓட்டுபவர்கள், கைநாட்டு. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்டியதோடு நிற்காமல் திருப்பதி வரை போய் சிவில் டிப்ளமோ வாங்கி வந்தவள். கர்வம் கொஞ்சம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அந்தக் கர்வத்தோடுதான் டாக்டரை வரவேற்றேன். காலை எட்டு மணிக்கு வண்டி வந்தது. பத்து மணிவரை எஞ்சின் சத்தமே இல்லை. மனிதர் செருப்பைக் கழற்றி வண்டியிலேயே வைத்துவிட்டு, கையில் ஒரு ஸ்பேனரோடு கல் கல்லாக ஏறி இறங்கினார். ஸ்பேனரால் இரண்டு தட்டு. காதை வைத்துக் கேட்பார். "ம்ம்" என்பார். சாக்பீஸால் ஒரு குறி போடுவார். அடுத்த கல்.

பக்கத்து மனை ராணி அக்கா பொறுமை இழந்து, "இன்னா டாக்டரே, மிசினு ரிப்பேரா?" என்றாள்.

"வண்டி நல்லாத்தான் கீதும்மா. நான் ஓபி பாத்துக்கினு கீறேன். பேஷன்டப் பாக்காம ஆபரேஷன் பண்ணச் சொல்றியா?"

கற்களிடம் அவர் பேசும் முறையே தனி. ஆளைவிட உயரமான பாறை என்றால் "அண்ணா". இடுப்பளவு என்றால் "தம்பி". கையால் தூக்கக்கூடியதெல்லாம் "டேய்". ஒரு பாறையைத் தட்டிவிட்டு, "அண்ணா, நீ கொஞ்சம் அப்பால போவணும், தப்பா நெனச்சிக்காத" என்று சொன்னதை நானே கேட்டேன். அவர் போட்ட குறிகளோ அதைவிட மோசம். வட்டம், பெருக்கல், சில கற்களில் மீன் மாதிரி ஒன்று. நானும் டிப்ளமோ படித்த பெண்ணாயிற்றே என்று நோட்டில் எல்லாவற்றையும் வரைந்து, வட்டம் என்றால் எடுக்கலாம், பெருக்கல் என்றால் கூடாது என்று கண்டுபிடித்து வைத்தேன். மத்தியானம் அவர் பெருக்கல் போட்ட கற்களை எடுத்தார். மறுநாள் காலையில் வட்டம் போட்டவற்றை எடுத்தார். மீனைப் பற்றிக் கேட்டேன்.

"அது மீனு. சும்மா போட்டேன்."

ஆனால் அவர் சொன்னது ஒன்றும் பொய்க்கவில்லை என்பதுதான் என் குழப்பத்துக்குக் காரணம். ராணி அக்கா மனையில் பூசணிக்காய் அளவில் ஒரு கல் தலை நீட்டிக்கொண்டிருந்தது. தட்டிக் கேட்டவர் கையெடுத்துக் கும்பிட்டு, "இவரு ஐசியூ. தொடாத" என்றார். ராணி அக்காவின் புருஷன் சிரித்துவிட்டு வேறொரு வண்டியைக் கூட்டி வந்தார். பத்தே நிமிடத்தில் அந்த வண்டியின் பக்கெட்டில் இரண்டு பல் உடைந்து விழுந்தன. பூசணிக்காய் அசையவில்லை. அடியில் இருந்தது மலை. அதே நாள், யானை படுத்தது போன்ற ஒரு பாறையை, "இவரு சும்மா குந்திக்கினு கீறாரு, வேரே இல்ல" என்று ஒரே தள்ளில் ஓரம் கட்டினார் டாக்டர்.

வியாழக்கிழமை எங்கள் மனைக்கு வந்தார். "எல்ல எங்க கீது?" என்றார். எனக்கு இதுதானே வேலை! முதலில் கரெண்டு கம்பத்திலிருந்து நான்கு வெள்ளைக் கற்களுக்கும் தனித்தனியாக டேப் பிடித்து, கற்களுக்கு நடுவே உள்ள தூரத்தையும் அளந்து நோட்டில் எழுதினேன். பிறகு கல்லுக்குக் கல் கயிறு கட்டி, கயிற்றின் கீழே கோலமாவால் நூல் பிடித்தது போல ஒரு கோடு போட்டேன். அம்மா பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரும் பார்த்தார். அப்போது சொன்னதுதான் மேலே உள்ள ஜெயில் வசனம்.

"டிப்ளமா படிச்சிருக்கேன் டாக்டரே!"

"படி. நல்லா படி. கல்லு படிச்சிருக்குதா? நாளைக்கு வெள்ளிக்கெழம, பூஜ போட்டுடுங்க. கோடு அது வரைக்கும் இருந்துச்சின்னா பாக்கலாம்."

கோடு இருக்கவில்லை. தப்பு யாருடையது என்று இன்றும் எங்கள் வீட்டில் வாதம் நடக்கிறது. எங்கள் பக்கத்தில் மண்ணில் கை வைக்கும் முன்பு எல்லைக் கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் நாற்பது குடும்பத்துப் பெண்களும் மஞ்சள் கிண்ணத்தோடு புறப்பட்டார்கள். எது எல்லைக் கல் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒன்றை விட்டுவிட்டால் சாமிக் குத்தம் ஆகிவிடுமே! அதனால் நிமிர்ந்து நின்ற எல்லாக் கற்களுக்கும், காட்டிலாகாவின் வெள்ளைக் கற்கள் உட்பட, நம்பர் தெரியாத அளவுக்குக் கெட்டியாக அப்பிவிட்டார்கள். நான் எழுந்து போனபோது மலையடிவாரம் முழுக்க முப்பதுக்கு மேல் மஞ்சள் சாமிகள். என் கோட்டைக் காணோம். வெறும் கோடாக விட்டால் அபசகுனம் என்று அம்மா இரண்டு பக்கமும் புள்ளி வைத்து, வளைத்து வளைத்து அதைப் பெரிய சிக்குக் கோலமாக ஆக்கியிருந்தாள். அந்தக் கோலத்தின்படி பார்த்தால் மலையில் பாதி எங்களுடையது.

சரியாக அந்த நேரத்தில் காட்டிலாகா பீட் ஆபீசர் வந்து சேர்ந்தார். தெலுங்குக்காரர், நல்ல மனிதர். கல்லைத் தேடி வந்தவர், மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்ததும் பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகுதான் கோபம் வந்தது.

"அய்யோ தேவுடா! நா ஸ்டோன் எக்கட? என் கல்லு எங்கம்மா?"

"எல்லாம் கல்லுதான் சார். நீங்களே பாத்து எடுத்துக்கோங்க" என்றாள் ராணி அக்கா.

எல்லை தெரியும்வரை கடைசி மனையில் வண்டி இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமைக்கு நடுவில் இருந்தது இரண்டே நாள். மற்ற முப்பத்தொன்பது மனையிலும் குழி விழும், எங்கள் பட்டா மட்டும் போகும். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கோலத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாக் கல்லையும் கழுவிடலாமே" என்றேன்.

பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள். வெள்ளிக்கிழமை வைத்த மஞ்சளைக் கழுவுவதா? கடைசியில் ராணி அக்காதான் பஞ்சாயத்துச் செய்தாள். "அதுதான்னு நிச்சயமாத் தெரிஞ்ச கல்ல மட்டும் கழுவு. தப்பான கல்லுல தண்ணி ஊத்துன, பாவம் உன் தலைல."

நான் நோட்டை எடுத்துக்கொண்டு கரெண்டு கம்பத்துக்கு ஓடினேன். நல்ல வேளையாக அதற்கு யாரும் மஞ்சள் பூசவில்லை. டேப்பின் ஒரு முனையை நைனாவிடம் கொடுத்துவிட்டுப் புதருக்குள் நடந்தேன். அந்தப் பக்கம் டாக்டர் ஸ்பேனரோடு புறப்பட்டிருந்தார். நேற்றுதானே அந்தக் கற்களைப் பார்த்தார், ஞாபகம் இல்லையா என்று பீட் ஆபீசர் கேட்டதற்கு, "நான் மொகத்தப் பாத்து வைத்தியம் பண்றவன் இல்ல சார்காரு" என்று பதில் வந்தது.

டங், டங். "இது தானா மொளச்ச கல்லு." டொக். "இது உருண்டு வந்து நிக்குது." டங், டொக். "இது இன்னா, வாய்ல ஒண்ணு சொல்லுது, வயித்துல ஒண்ணு சொல்லுது..." காதை வைத்தார். "இது மனுஷன் நட்ட கல்லு."

நான் டேப்பை இழுத்துக்கொண்டு, நோட்டைப் பார்த்துக்கொண்டு, குனிந்தபடியே வந்தவள் எதன்மேலோ முட்டினேன். டாக்டரின் தலை. இரண்டு பேரும் ஒரே கல்லின் முன்னால் நின்றோம். அவர் என் டேப்பைப் பார்த்தார். நான் அவர் ஸ்பேனரைப் பார்த்தேன். அவருக்கு டேப் புரியவில்லை, எனக்கு ஸ்பேனர் புரியவில்லை.

"அபிஷேகம்னு நெனச்சிக்கோம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஒரு குடம் தண்ணீரை அவரே ஊற்றித் தேய்த்தார். மஞ்சள் வழிந்தோடியது. உள்ளே வெள்ளைப் பெயிண்டும் கறுப்பு நம்பரும். பீட் ஆபீசர் கை தட்டினார். மற்ற மூன்று கற்களும் அப்படியேதான். டேப் போன இடத்தில் ஸ்பேனர் நின்றது, ஸ்பேனர் நின்ற இடத்தில் டேப் முடிந்தது.

சனிக்கிழமை வண்டி இறங்கியது. மூன்று மூலை முடிந்து நான்காவது மூலையில் ஆட்டோ அளவில் ஓர் "அண்ணா". பாதி எங்கள் பக்கம், பாதி காட்டுப் பக்கம். தட்டுவதற்கு முன் டாக்டர் தரையில் படுத்துப் பாறைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் எழுந்து போய் எஞ்சினை அணைத்தார்.

"பிரசவ வார்டு. நோ என்ட்ரி."

நானும் படுத்துப் பார்த்தேன். பாறையின் வயிற்றில் வெள்ளை வெள்ளையாக முட்டைகள் ஒட்டியிருந்தன. பக்கத்தில் பொன் நிறத்தில் ஒரு பல்லி, எங்களை முறைத்துக்கொண்டு. இந்த மலைகளில் மட்டும் இருக்கும் தங்கப் பல்லி, தொட்டாலே கேஸ் என்று பீட் ஆபீசர் முன்பே எச்சரித்திருந்தார்.

"பாதிக் கல்லு எங்களுது டாக்டரே! எங்க பக்கத்த மட்டும் ஒடச்சிக் குடுங்க!"

"பாதிப் பிரசவம் பண்ண முடியுமா, டிப்ளமா?"

கோபத்தில் எனக்கு அழுகை வந்தது. அவரோ டயர் நிழலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்தேன். அந்த மூலையை மட்டும் உள்ளே மடக்கி, சமையலறையை இந்தப் பக்கம் தள்ளி, அரை மணி நேரத்தில் புதுப் பிளான் போட்டேன். அம்மாவுக்கு அடுத்த கவலை. "ஈசானி மூலையில வெட்டு உழுதேடி! சாமி ரூமு எங்க வெக்கறது?"

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "ஈசானி மூலைக்கு சாமி வெளியவே வந்து குந்திக்கினு கீது. பொன்னுல வேற கீது. இன்னும் இன்னா வேணும் உனக்கு?"

பிறகு என் நோட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "சுண்ணாம்பு எடுத்தாந்து கோடு போடு" என்றார். போட்டேன். அந்தக் கோட்டின் மேலேயே, ஒரு விரல்கூட விலகாமல் தோண்டினார். திங்கட்கிழமை அதிகாரி எங்கள் வளைந்த குழியை மூன்று பக்கத்திலிருந்து போட்டோ எடுத்தார். எந்தப் பக்கம் வாசல் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. பட்டா நின்றது. இப்போது சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. மூலையில் அண்ணா அப்படியே இருக்கிறார். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அவருக்கு மட்டும் தொடாமல் தூரத்திலிருந்து சூடம் காட்டுகிறாள்.

இன்று காலை போன் வந்தது. ஹலோவெல்லாம் கிடையாது.

"டிப்ளமா, குடிபாலாகிட்ட கீறேன். இங்கயும் காட்டு எல்லதான். ஆளுக்கொரு கோடு காட்டுறானுங்க. எவன் கோட்டையும் நான் நம்ப மாட்டேன். டேப் எடுத்துக்கினு வா."

என்ன சம்பளம், எத்தனை நாள், யாருடைய மனை என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். டேப், நோட்டு, ஒரு பை சுண்ணாம்பு எல்லாம் மடியில் இருக்கின்றன. பஸ் சித்தூரைத் தாண்டிவிட்டது. நான் போய்ச் சேரும்வரை அந்த மனிதர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண மாட்டார்.