எலிக்காரர் விழுங்கிய பலூன்

மலேசியா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், எலிக்கு வயிறு வலிக்கிறதே என்று தன் மத்தியானச் சோற்றை மூடி வைத்த மனிதர் இன்னொருவர் கிடைக்கமாட்டார். எங்கள் எலிக்காரர் ஒருவர்தான்.

எண்பதுகளில் கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் டைப்பிஸ்ட். அவர் எலிகளைப் பார்த்துக்கொள்பவர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து சைக்கிளில் வருவார். எங்கள் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். குடல் வலித்தால் எலியின் மூளையும் மனிதனின் மூளையும் ஒரே மாதிரி துடிக்கின்றனவா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எலியின் குடலுக்குள் சின்னப் பலூனை விட்டுக் காற்றை ஏற்றுவார். தலையில் ஒட்டிய கம்பிகள் மூலம் காகிதத்தில் கோடு விழும்.

எலிக்காரர் கோட்டைப் பார்க்கமாட்டார். எலியின் முகத்தைப் பார்ப்பார்.

"கண்ண சுருக்குது பாருங்க டாக்டர். என் சம்சாரமும் வயித்து வலின்னா இப்படித்தான்லா. கொஞ்சம் முன்னாடியே நிறுத்துங்களேன்."

"அதுக்கு எவ்வளவு நோகுது எண்டு உமக்கு எப்படித் தெரியும்? கேட்டீரா?"

எலிக்காரர் கூண்டுகளைப் பார்க்கப் போய்விடுவார். எலியோடு தன்னை ஒப்பிட்டது மட்டும் அவர் சம்சாரத்தின் காதில் விழுந்திருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறே கிடைத்திருக்காது.

ஆயுத பூஜை வந்தது. நான் டைப்ரைட்டருக்குப் பொட்டு வைத்தேன். இவர் சும்மா இருப்பாரா? பிள்ளையார் வாகனமாச்சே என்று இருபத்துநாலு வெள்ளை எலிக்கும் நெற்றியில் குங்குமம் தீட்டிவிட்டார். மறுநாள் டாக்டர் போட்ட அலறல் கிள்ளான் வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஐயோ, எல்லாத்துக்கும் தலையில ரத்தமெல்லோ!"

"குங்குமம் டாக்டர். நாம பண்ற பாவத்துக்கு இதாவது செய்ய வேணாமா?"

துடைத்தது யார்? நான்தான். அரை நாள் போயிற்று.

அடுத்து மனிதர்கள் முறை. வாய்வழியாகப் பலூனை விழுங்க ஆள் தேவை என்று நோட்டீஸ் ஒட்டினோம். மாணவர்கள் வந்தார்கள், குழாயைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். எலிக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணே, உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேல?" என்றேன்.

"எலிக்கு வாய் இருந்தா நான் ஏம்மா போறேன்?"

அவர் தலையிலும் கம்பிகளை ஒட்டினார்கள். வாயில் குழாய் இருப்பதால் வலியைப் பத்துக்கு எத்தனை என்று விரலால் காட்ட வேண்டும். காற்று ஏற ஏற மூன்று விரல், ஐந்து விரல். எட்டு விரல் நீண்டபோது வேர்வை காதோரம் வழிந்தது.

"போதும். மனுசருக்கு இதுக்கு மேல ஏத்தக் கூடாது" என்று டாக்டர் நிறுத்தினார்.

குழாயை எடுத்ததும் எலிக்காரர் தண்ணீர் கேட்கவில்லை. காகிதத்தைக் கேட்டார்.

"என் கோடும் எலி கோடும் ஒண்ணா டாக்டர்?"

"கிட்டத்தட்ட ஒண்டுதான். ஆனா கோடு ஒண்டு எண்டதால நோவும் ஒண்டு எண்டு சொல்லேலாது."

"சரி டாக்டர். நான் எட்டு காட்டினதும் நிறுத்திட்டீங்க. அதுங்களுக்கு விரல் காட்டத் தெரியாதுல்ல? இந்தக் கோடு வந்தா எட்டுன்னு வச்சுக்கிட்டு அதுங்களுக்கும் நிறுத்திடுங்கலா."

டாக்டர் காகிதத்தை வாங்கி, எட்டு விரல் நீண்ட இடத்தில் பென்சிலால் அடையாளம் போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, அந்த அளவு வந்ததும் எலிகளுக்கும் காற்றை நிறுத்த வேண்டும் என்று ஒரு தாள் அடித்து மெஷினுக்கு மேலே ஒட்டச் சொன்னார்.

இரண்டே வரிதான். எலிக்காரருக்காக அதில் ஒரு தப்பும் இருக்கக்கூடாது என்று நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டேன்.