அபவுட் அண்ணனும் மெர்சி டீச்சரின் குரலும்

கடவுளே ஒரு சாஃப்ட்வேர் எழுதி வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போயிருந்தாலும், இப்போது அதைப் பார்த்துக்கொள்கிற ஆள் யார் என்று மூன்றே நாளில் கண்டுபிடித்து, அவருக்கு மரியாதையாக ஒரு மெயிலும் போட்டிருப்பார் அபவுட் அண்ணன்.

ராயப்பேட்டையில் நான் வேலை பார்த்த, புத்தகங்களுக்கு அச்சுப்பிழை திருத்தும் புரூஃப் ஆபீஸில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். ஏதாவது மக்கர் பண்ணினால் நாமெல்லாம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம். அவர் நேராக, சாஃப்ட்வேரைச் செய்தவர் பேரெல்லாம் இருக்கும் 'அபவுட்' என்ற பக்கத்தைத் திறப்பார். கல்யாணப் பத்திரிகையில் தன் பேர் போட்டிருக்கிறதா என்று தேடும் பெரியப்பா மாதிரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிப்பார். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

"எவன் பண்ணான்றது வாணாம் நைனா. இப்ப யாரு பாத்துக்கினு கீறாங்க? அத்த சொல்லு."

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் லிஃப்டில் ஒரு பெண்குரல் 'நாளாவது தளம்' என்றது. புடவை எடுக்க வந்த மனைவியை மூன்றாவது மாடியில் விட்டுவிட்டு, எட்டு தடவை ஏறி இறங்கி, பட்டன் பலகையில் பொடி எழுத்தில் இருந்த கம்பெனி பேரைக் குறித்துக்கொண்டு வந்தார் அண்ணன். மெயில் போட்ட இரண்டே வாரத்தில் லிஃப்ட் 'நாலாவது' என்றது. மனைவி பேசுவதற்குத்தான் இன்னும் சில நாள் ஆயிற்று.

ஒருமுறை என் ஃபைலை ஒரு சாஃப்ட்வேர் விழுங்கிவிட்டது. 'உங்கள் சரக்கு குப்பை' என்று மெயில் அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கை நீட்டி மொத்தத்தையும் அழித்தார்.

"அந்தாளு இன்னா, உன் வூட்டு வேலைக்காரனா? மொதல்ல தேங்க்ஸ் சொல்லு. அப்பால நீ இன்னா பண்ண, அது இன்னா பண்ணுச்சு, அத்த எழுது. திட்டணும்னா என்னியத் திட்டு. பக்கத்துலயே தான கீறேன்."

மெர்சி டீச்சர் எங்களுக்கு மயிலாப்பூரில் வீட்டிலிருந்தே புரூஃப் பார்த்துக் கொடுத்தவர். ஓய்வுபெற்ற இங்கிலீஷ் டீச்சர். தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டது. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நாள்கணக்கில் பேசிப் பேசித் தன் குரலைப் பதிந்து வைத்திருந்தார். லேப்டாப்பில் எழுத்தைத் தட்டினால் ஓர் இலவச சாஃப்ட்வேர் அதை அவர் குரலிலேயே பேசும். ஒரு திங்கட்கிழமை, ஏதோ அப்டேட் வந்தபின், அது ஊமையாகிவிட்டது.

அவர் கணவர் ஸ்டீபன் சார் ஆபீஸுக்கே வந்துவிட்டார். "வேற ஒண்ணு போட்டுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. போட்டும் பாத்தேன். யாரோ ஒரு பொம்பள பேசுது, தம்பி. என் மெர்சி இல்ல அது."

அண்ணன் பையை எடுத்து மாட்டிக்கொண்டார். டீச்சர் வீட்டுக்கு அவர் பின்னாலேயே நானும் போனேன்.

அபவுட் பக்கத்தில் இருந்த முகவரிக்குப் போட்ட மெயில் போன வேகத்தில் திரும்பி வந்தது. அந்த சாஃப்ட்வேரை முதலில் எழுதியவரை எப்படியோ பிடித்தால், "எப்போதோ இன்னொருவரிடம் கொடுத்துவிட்டேனே" என்றார். அந்த இன்னொருவரும் கைகழுவியிருந்தார். அண்ணன் அசரவில்லை. எந்தத் திருத்தத்தை யார் செய்தார் என்று இணையத்தில் ஒரு பட்டியல் இருக்குமாம். அதை ஆதியிலிருந்து வரி விடாமல் படித்தார். கடைசியாகக் கை வைத்தவர் பிரேசிலில் ஒரு பெண்மணி. அவருடைய பக்கம் முழுக்க ஊர் உலகத்தின் வசவு. அதற்கு மேலே, 'கொஞ்ச நாளைக்கு யாருக்கும் பதில் எழுதப்போவதில்லை' என்று அவர் போட்டிருந்தார்.

அண்ணன் எதையும் முதலில் பேப்பரில்தான் எழுதுவார். அந்தப் பெண்மணிக்கு எழுதியதை டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்து, அவருடைய இங்கிலீஷை ரத்தக்களறியாக்கினார். கடைசி வரி: 'யூ ஹேவ் ஈட்டன், மேடம்?' பேனா அங்கே தயங்கி நின்றது. பிறகு மூடிக்கொண்டது. பக்கத்தில் இருந்த நோட்டில் எழுதிக் காட்டினார்: 'இது இப்படியே இருக்கட்டும்.'

நாலு நாள் பதில் இல்லை. "இன்னொரு மெயில் போடலாமாண்ணே?" என்றேன்.

"வாணாம். அவங்களுக்கும் வூடு வாசல் இருக்கும்ல."

ஐந்தாம் நாள் வந்தது. முதல் வரி: 'சாப்பிட்டேன். எந்த வெர்ஷன் வைத்திருக்கிறீர்கள்?' அவர் ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ். விடுமுறை நாட்களில் தன்னந்தனியாக இதைப் பார்த்துக்கொள்கிறார். சாப்பிட்டாயா என்று இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

இரண்டு நாள் கேள்வியும் பதிலுமாகப் போனது. பிறகு புது ஃபைல் வந்தது. டீச்சர் தட்டினார். வருஷக்கணக்காக நான் போனில் கேட்ட அதே கண்டிப்பான குரல் ஹாலில் ஒலித்தது: "ஏன் எல்லாரும் மூச்சப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க? தம்பி, சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க பாருங்க."

ஸ்டீபன் சார் காபி போடுவதாகச் சொல்லி சமையலறைக்குள் போனார். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணன் தன் சட்டைப் பட்டனைச் சரிசெய்துகொண்டு, பிரேசிலுக்கு அடுத்த மெயிலை எழுத உட்கார்ந்துவிட்டார். "ஒடஞ்சா சொல்றதுக்கு ஆயிரம் பேரு. சரியாப் போச்சுன்னு சொல்றதுக்கு ஆளு வாணாமா?"

நான் இப்போது அடையாறில் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் எது கெட்டாலும் அவரைத்தான் கூப்பிடுகிறேன். எதுவும் கெடாத வாரங்களில், ஏதாவது ஒன்று கெட்டதாகச் சொல்லிக் கூப்பிடுகிறேன்.