விளங்காத அப்பா

“அப்பா, பால் பொங்குது!” என்று ஆரபி நொஸ்க்கில், அதாவது நோர்வேஜிய மொழியில், கத்தினாள்.

குகதாசன் நாளிதழிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “விளங்கேல்லைப் பிள்ளை. தமிழிலை சொல்லு.”

“பால்... பால் எழும்புது!”

“பால் எழும்பாது. ஆக்கள்தான் எழும்புவினம். வேறை சொல்லுச் சொல்லு, பாப்பம்.”

அவள் சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் பால் அடுப்பெங்கும் வழிந்துவிட்டது.

“முதியோர் இல்லத்து வேலையிலை பகல் முழுக்க நொஸ்க் கதைச்சுப்போட்டு, வீட்டிலை வந்து நாடகம்!” என்றாள் மனைவி வதனி. “முதலிலை அடுப்பைத் துடையுங்கோ.”

“மெல்லக் கதையும். எனக்கு நொஸ்க் விளங்காதெண்டு அவள் நம்பவேணும். அது போச்செண்டால் தமிழும் போச்சு.”

அடுத்த வாரமே, ஆரபியின் அப்பாவுக்கு நொஸ்க் விளங்காது என்ற செய்தி பாலர் பாடசாலை வரை போய்விட்டது. மகளை அழைக்கச் சென்றவரிடம் ஆசிரியை மாரித், தலையைப் பரபரவென்று சொறிந்து காட்டினார். பிள்ளைகளிடையே பேன் பரவுகிறது என்பது குகதாசனுக்கு உடனே விளங்கிற்று. ஆயினும் ஆரபி அருகில் நின்றமையால், தாமும் தலையைச் சொறிந்து விடையளித்தார். மாரித் இரக்கத்தோடு அவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தனுப்பினார்.

பெற்றோர் சந்திப்பன்று, ஆரபியோடு வந்த குகதாசனுக்கு மொழிபெயர்ப்பதற்கென்று இன்னொரு பிள்ளையின் தாயான மதுரைக்காரி கோமளவல்லியும் வந்திருந்தார்.

“கூச்சப்படாம சொல்லுங்க சார். பாப்பா வீட்ல எப்படி?”

“நல்லாக் கதைப்பாள். விடிஞ்சால் பொழுதுபட்டால் கதைதான்.”

கோமளவல்லி திகைத்தார். பின்பு மாரித்திடம் நோர்வேஜிய மொழியில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “பொண்ணு நல்லா கதை கட்டுவாளாம். விடிஞ்சதுலேர்ந்து பொய்தானாம்.”

மாரித்தின் புருவங்கள் உயர்ந்தன. ஆரபியின் உதடு துடித்தது.

மொழியைக் காப்பதா, மகளைக் காப்பதா? குகதாசன் எழுந்தே விட்டார்.

“என்ரை பிள்ளை பொய்யே சொல்லமாட்டாள்! வாயோயாமல் பேசுவாள் எண்டுதான் சொன்னனான்!”

அத்தனையும் பிசிறில்லாத நோர்வேஜிய மொழியில்!

குகதாசன் மகளைப் பார்க்கவும் அஞ்சினார். இனி அவள் எதற்காகத் தம்மோடு தமிழ் பேசப் போகிறாள்?

ஆரபியோ கலவரத்தோடு ஆசிரியையை நோக்கினாள்.

“நான் வாயே திறக்கேல்லையடி செல்லம், அவராத்தான் ரகசியத்தை உடைச்சவர்,” என்று அவளை நோர்வேஜிய மொழியில் தேற்றிய மாரித், குகதாசன் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு நொஸ்க் தெரியுமெண்டு நாங்கள் காட்டிக்கொள்ளக்கூடாதாம், காட்டினால் அப்பா தன்னோட தமிழ் கதைக்கிறதை விட்டிடுவார் எண்டு, உங்கடை மகள்தான் எங்கள் எல்லாரிட்டையும் சத்தியம் வாங்கினவள்.”