கைராசிக் குழந்தை

படிக்காமலே வைத்தியம் பார்க்கும் இனம் ஒன்று நம்மிடையே உண்டு. பார்த்திருப்பீர்கள். பிள்ளையில்லாத வீட்டை மோப்பம் பிடித்து வரும். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பிக்கும். காபி ஆறுவதற்குள் நாலு டாக்டர்களையும் ஏழு மாத்திரைகளையும் தள்ளுபடி செய்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தித் தன் ஒரே மருந்தை நீட்டும்.

"ஒரு குழந்தையத் தத்தெடுத்துக்கோ. அது வந்த ராசி, உனக்குச் சொந்தமா ஒண்ணு தங்கும் பாரு."

கவனியுங்கள். வளர்ப்பதற்குக் குழந்தை அல்ல. குழந்தை உண்டாவதற்குக் குழந்தை. வேளைக்கு ஒன்று, வெறும் வயிற்றில்.

மருந்துக்கடைக்காரி ஒருத்திக்கு இதை எழுதிக்கொடுத்தவர் அவள் நாத்தனார். மூன்று பெற்றவர். அந்தத் தகுதியில் உறவுக்காரர்கள் அவரை டாக்டரம்மா என்றார்கள்; அதிலிருந்த கேலி அவருக்கு எட்டவில்லை. மருந்துக்கடைக்காரியோ ஒன்பது வருடம் ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்து, தானும் விழுங்கிப் பார்த்தவள். நாத்தனார் சொன்னதை நம்பித்தான் குழந்தைகள் இல்லத்துக்குப் போனாள். அங்கே ஒரு பெண்குழந்தை அவளுடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு தரமாட்டேன் என்றது. அன்றோடு நம்பிக்கை போயிற்று. ஆசை மட்டும் தங்கியது, அந்தப் பெண்மேல்.

வீட்டைப் பார்க்க அதிகாரி வந்தார். அவர் நல்லபடியாக எழுதினால்தான் குழந்தை. கூப்பிடாமலே டாக்டரம்மாவும் வந்திருந்தார்.

ஜன்னல் கம்பி, மாடிப்படி, மருந்து வைக்கும் அலமாரியின் பூட்டு எல்லாம் பார்த்துவிட்டு அதிகாரி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

"இந்த யோசனையே என்னோடதுதாங்க" என்றார் டாக்டரம்மா.

"சந்தோஷம்."

"ஒரு சின்ன சந்தேகம். இது வந்து ரெண்டு வருஷத்துல இவளுக்கு ஒண்ணும் தங்கலேன்னு வைங்க. மாத்தி வேற குழந்தை தருவீங்களா?"

பேனா நின்றது. மருந்துக்கடையில்கூடப் பிரித்த அட்டையை மாற்றித் தரமாட்டார்கள்.

"அண்ணி, சும்மா இருங்க."

"இப்பவே கேட்டுக்கறது நல்லதில்லையா? உனக்காகத்தானே கேக்கறேன்!"

அதிகாரி மருந்துக்கடைக்காரியின் பக்கம் திரும்பினார். "நீங்களும் அதுக்குத்தான் கேக்கறீங்களா?"

இல்லவே இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"மொதல்ல அப்படித்தான் நெனச்சேன் மேடம். இப்ப மாத்திரையெல்லாம் நிறுத்தி ஒரு வருஷமாச்சு. எனக்கு என் கண்ணாடியப் புடுங்கினவதான் வேணும்."

அதிகாரி நிறைய எழுதினார். எட்டிப் பார்க்க முயன்ற டாக்டரம்மாவுக்கு ஒரு வரியும் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் வந்தாள். வந்த அன்றே கண்ணாடி உடைந்தது. பார்க்க வந்த டாக்டரம்மா குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. தாயின் வயிற்றைத்தான் பார்த்தார்.

அவ்வளவுதான் கதை. என்ன, இன்னும் எழுந்திருக்கவில்லை? 'அப்புறம் அவளுக்குச் சொந்தமா ஒண்ணு பொறந்துதா?' என்று நாக்கு நுனியில் ஒரு கேள்வி நிற்கிறதோ?

வாருங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.