மெத்தைக்கடை மாடியில் ஒரு ஏசி

பயம் பிடித்தவனுக்குப் புத்தி வேலை செய்யாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம், நானே போதும். பதுளை பஸாரில் எனக்கு மெத்தை, தலகாணிக் கடை. கீழே கடை, மேலே வீடு, பின்முற்றத்தில் இலவம் பஞ்சு அடிக்கும் இடம். (அந்த முற்றத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்து தொலைத்தேன்.)

எழுபதுகளின் கடைசியில் வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கின. நானும் சும்மா இருக்காமல் கொழும்பில் பழைய ஏசி ஒன்றை வாங்கி லொறியில் ஏற்றி வந்தேன். விற்றவன், "முதலாளி, இதுல வாறது கழுவின காத்து" என்றான். அப்படியே நம்பினேன். படுக்கையறைப் பின்சுவரை உடைத்துப் பெட்டியைப் பொருத்தினோம். பார்க்க வந்த சொந்தபந்தமெல்லாம் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு "நல்லா ஈக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் மாதம் மகள் பரீதாவுக்கு இருமல் பிடித்தது. மூன்று வயதுப் பிள்ளை. இருமல் முற்றி மூச்சு இழுக்கத் தொடங்கியது. அந்தச் சின்ன நெஞ்சு குழிவிழுந்து எழும்புவதை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருப்பேன். கசநோயோ என்று வாய்விட்டுச் சொல்லக்கூடப் பயம். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்து அது இல்லை என்றார்கள். பேர் தெரியாத நோய் என்றதும் எனக்குப் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

"வீட்டுல தூசி கீசி இருக்கா?" என்று கேட்டார் டொக்டர்.

"தூசியா? எங்க வீட்டுல ஏசி ஈக்குது டொக்டர்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. (அவர் வீட்டில் ஏசி கிடையாது, பாவம்.) அவர் இருமலுக்கு மருந்து எழுதினார்.

அன்றைக்கே பிள்ளையின் கட்டிலை இழுத்து ஏசிக்கு நேர் கீழே போட்டேன். ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணியைத் திணித்தேன். கழுவின காற்று மட்டும் உள்ளே போகட்டும் என்று. பிள்ளை இன்னும் மோசமானாள். நானும் இரும ஆரம்பித்தேன். மனைவி நூர்ஜஹானுக்குக் கண் இரண்டும் சிவந்துவிட்டன.

"நான் புள்ளயத் தூக்கிட்டு அப்புத்தளைக்கு, ராத்தா வீட்டுக்குப் போறேன்" என்றாள். ராத்தா என்றால் அவளுடைய அக்கா.

"அந்தப் பனிக்கா? புள்ளயக் கொல்லப் போறியா?"

"இங்க வச்சி நீங்க என்னத்தக் கிழிச்சீங்க?"

போய்விட்டாள். நான் கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். யாராவது வேகமாக நடந்து வந்தால் போதும், மவுத்துச் செய்திதான், பிள்ளை போய்விட்டாள் என்று எழும்பி நின்றுவிடுவேன். பிள்ளையைப் பனியிலிருந்து காப்பாற்ற எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. ஏசியைக் கழற்றி அப்புத்தளைக்குக் கொண்டுபோவது. (ஆமாம், அப்புத்தளைக்குத்தான். பட்டப்பகலில் ஸ்வெட்டர் போட்டு நடமாடும் ஊருக்கு.)

திருப்புளியை எடுத்து முன்மூடியைக் கழற்றினேன். உள்ளே தூசியைத் தடுக்கும் வலை கண்ணுக்கே தெரியவில்லை. அதன்மேல் விரல் கனத்துக்குக் கறுத்துப்போன ஏதோ ஒன்று படிந்திருந்தது. தொட்டேன். ஆயுசு முழுக்கப் பஞ்சு விற்றவனுக்கு அது தெரியாதா? நம்ம சரக்கு. வெளிக்காற்றை இழுக்கும் சின்னக் கதவு 'ஆ'வென்று திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தால், நேர் கீழே பஞ்சு அடிக்கும் முற்றம். பிள்ளையின் நெஞ்சுக்குள் இத்தனை நாளும் இதைத்தான் அடைத்திருக்கிறேன் என்று தோன்றியதும் திருப்புளியும் கையுமாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புத்தளைக்கு ஓடினேன், ஏசி இல்லாமல்தான். பனிமூட்டத்துக்குள் ராத்தா வீட்டுக் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள் பரீதா. இருமல் இல்லை. அவளைத் தூக்கி நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு அழுதுவிட்டேன். நூர்ஜஹானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எவ்வளவு இருந்திச்சி?" என்றாள்.

யாபாரி வாய் சும்மா இருக்குமா? "ஒரு தலகாணிக்குத் தேறும்" என்றேன்.

பரீதா இப்போது கொழும்பில் இருக்கிறாள். அறைக்கு அறை ஏசி. நான் போனால், பிள்ளைகளைப் படுக்க வைக்குமுன் வலையைக் கழற்றி என் முன்னால் நீட்டுவாள். "வாப்பா, தலகாணிக்குத் தேறுமா?" பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. விரலால் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்து இன்னொருமுறை பார்த்துவிட்டுத்தான், "தேறாது" என்பேன்.